செயின் எந்தப் பல்லில் கிடக்கிறது? மின் சைக்கிளுக்கு செயின்ரிங், கேசட் தேர்வு

ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய மின் சைக்கிளின் பின்சக்கரத்திலிருக்கும் பல்சக்கர அடுக்கை, அதாவது கேசட்டைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதிலுள்ள பத்துப் பல்சக்கரங்களில், அதாவது ஸ்ப்ராக்கெட்டுகளில், இரண்டோ மூன்றோ மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கும். அவற்றின் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கிபோல் வளையத் தொடங்கியிருக்கும். மற்றவை பெட்டியிலிருந்து எடுத்ததுபோலவே இருக்கும். வண்டி உண்மையில் எந்தக் கியரில் ஓடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் சொல்லாது.

ஆனால் கியர் மாற்ற நினைப்பவர்கள் பார்ப்பது கேசட்டின் இரண்டு ஓரங்களை மட்டும்தான். சிறியது 11 பல், பெரியது 42 பல். அல்லது 11, 50. "மேடும் ஏறும், வேகமும் போகும்" என்று வாங்கிவிடுகிறார்கள். கால் மட்டும் மிதிக்கும் சைக்கிளில் இந்தக் கணக்கு ஓரளவு சரி. மோட்டார் சேர்ந்துவிட்டால் கேள்வி மாறுகிறது. பயணத்தின் பெரும்பகுதி நேரம் செயின் எந்த ஸ்ப்ராக்கெட்டில் கிடக்கப்போகிறது? முதலில் அதை முடிவு செய்யுங்கள். பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரமான செயின்ரிங் எத்தனை பல் என்பது அதிலிருந்தே வந்துவிடும். ஓரங்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

அதற்கும் முன்னால் மோட்டார் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பின்சக்கரத்திலோ முன்சக்கரத்திலோ இருக்கும் ஹப் மோட்டார் என்றால் அதன் விசை செயின் வழியாகப் போவதில்லை. கியர் உங்கள் கால்களுக்கு மட்டும்தான். பெடல் தண்டான கிராங்க் அருகே இருக்கும் மிட் டிரைவ் என்றால் காலும் மோட்டாரும் ஒரே செயினை இழுக்கின்றன. நீங்கள் போடும் கியர்தான் மோட்டாருக்கும் கியர். மிட் டிரைவ் சைக்கிளுக்குச் சொல்லும் அறிவுரையை ஹப் மோட்டார் சைக்கிளுக்கு அப்படியே எடுத்துக்கொள்வதுதான் இந்த விஷயத்தில் அதிகம் நடக்கும் குழப்பம். முதலில் மிட் டிரைவைப் பார்ப்போம். சிக்கல் அங்கேதான் அதிகம்.

கணக்குக்கு இரண்டே எண்கள் போதும். செயின்ரிங் பற்களை ஸ்ப்ராக்கெட் பற்களால் வகுத்தால் கியர் விகிதம். அதைச் சக்கரச் சுற்றளவால் பெருக்கினால், பெடலை ஒரு முழுச் சுற்று மிதிக்கும்போது வண்டி எத்தனை மீட்டர் நகரும் என்பது கிடைக்கும். சுற்றளவை அட்டவணையில் தேட வேண்டாம். டயரில் சரியான காற்று வைத்து, வால்வு நேர்கீழே வரும் இடத்தில் தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். நீங்கள் சீட்டில் உட்கார்ந்தபடி, வால்வு மறுபடி கீழே வரும்வரை ஒருவர் உருட்டட்டும். அங்கே இன்னொரு கோடு. இடைப்பட்ட தூரம்தான் சுற்றளவு. ஆள் ஏறாமல் அளந்தால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக வரும். 29 இன்ச் சக்கரத்தில் 2.2 டயர் என்றால் ஏறத்தாழ 2.28 மீட்டர், கீழே வரும் கணக்குகளுக்கு அதையே வைத்துக்கொள்கிறேன்.

நிமிடத்துக்கு எத்தனை சுற்று மிதிக்கிறீர்கள் என்பதைக் கேடன்ஸ் என்பார்கள். ஒரு சுற்றுக்கு நகரும் மீட்டரைக் கேடன்ஸால் பெருக்கி, மறுபடி 0.06-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும். அவ்வளவுதான் கணிதம்.

இப்போது ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். மோட்டார் உதவி மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் நின்றுவிடும் வகை. பல நாடுகளின் சட்ட வரம்பு அதுதான். சமதளத்தில் இப்படிப்பட்ட வண்டி நாள் முழுக்க 23-க்கும் 25-க்கும் நடுவில்தான் ஓடும். அதற்கு மேல் போனால் மோட்டார் கைவிட்டுவிடும், வண்டியின் முழுக் கனமும் காலில் வந்து விழும். யாரும் அங்கே நீடிப்பதில்லை. வசதியான கேடன்ஸ் 75 என்று வையுங்கள். 25-ஐ 4.5-ஆல் (75 பெருக்கல் 0.06) வகுத்தால் 5.56 மீட்டர். அதை 2.28-ஆல் வகுத்தால் விகிதம் 2.44. நாளில் முக்கால்வாசி நேரம் இந்த விகிதத்தை ஒட்டித்தான் செயின் இருக்கப்போகிறது.

பின்னால் பரவலாகக் கிடைக்கும் 10 வேக (பத்து ஸ்ப்ராக்கெட் கொண்ட) 11-42 கேசட் இருப்பதாகக் கொள்ளுங்கள்: 11, 13, 15, 18, 21, 24, 28, 32, 37, 42. முன்னால் 42 பல் செயின்ரிங் போட்டால் 18-இல் ஓடுவீர்கள். 25 கிலோமீட்டருக்கு கேடன்ஸ் 78. முன்னால் 38 என்றால் 15-இல், கேடன்ஸ் 72. முன்னால் 34 என்றால் 13-இல் கேடன்ஸ் 70, அல்லது 15-இல் 81.

வேகம் மூன்றிலும் ஒன்றுதான். செயின் படும் பாடு ஒன்றல்ல. 34-இல் ஓட்டும்போது செயின் கேசட்டின் வெளி ஓரத்துக்குப் போய்விடுகிறது. 42-இல் நடுப்பகுதிக்கு அருகிலேயே நேராக இருக்கிறது. இழுவையும் மாறுகிறது. செயினின் ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 12.7 மில்லிமீட்டர். எனவே 42 பல் செயின்ரிங்கின் ஆரம் சுமார் 85 மில்லிமீட்டர், 34 பல்லுக்கு சுமார் 69. மோட்டார் 85 நியூட்டன் மீட்டர் திருப்புவிசையும் கால் 40-உம் கொடுத்தால் மொத்தம் 125. அதை ஆரத்தால் வகுத்தால், 42-இல் செயின் இழுவை சுமார் 1,470 நியூட்டன். 34-இல் சுமார் 1,820. கிட்டத்தட்ட 150 கிலோவைத் தொங்கவிடுவதற்கும் 185 கிலோவைத் தொங்கவிடுவதற்கும் உள்ள வித்தியாசம். அதே வேகம், அதே ஏற்றம், அதே மோட்டார். ஏறத்தாழ கால் பங்கு கூடுதல் இழுவையைச் செயின் எந்தப் பலனும் இல்லாமல் சுமக்கிறது.

இன்னொன்று, சிறிய ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றும்போது ஒவ்வொரு கண்ணியும் அதிகம் மடங்க வேண்டும். 18 பல்லில் ஒரு கண்ணி 20 டிகிரி மடங்கும். 11 பல்லில் 32.7 டிகிரி. அந்த மடங்கல்தான் கண்ணிகளை இணைக்கும் பின்கள் உரசித் தேயும் இடம். அதோடு, ஸ்ப்ராக்கெட் வட்டமாகத் தெரிந்தாலும் செயினுக்கு அது பலகோணம். 11 பல்லில் செயின் வேகம் ஒவ்வொரு பல்லுக்கும் சுமார் 4 சதவீதம் ஏறி இறங்கும். 18 பல்லில் 1.5 சதவீதம்தான். மோட்டார் இழுக்கும்போது 11-இல் பெடலில் லேசாக ஒரு கரகரப்பு தெரியும் என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம். செயின் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

ஆக, ஒரே விகிதத்தை இரண்டு வழியில் அடைய முடியும் என்றால் முன்னும் பின்னும் பெரிய பற்களைக் கொண்ட வழியை எடுங்கள். 34-க்கு 17 தருவதும் 42-க்கு 21 தருவதும் ஒரே இரண்டு மடங்குதான். இரண்டாவது அதிக நாள் உழைக்கும்.

இதற்கு நேர்மாறாகவும் ஒரு வாதம் உண்டு. 42 போட்டால் 11, 13 இரண்டும் சும்மா கிடக்கின்றனவே, காசு வீண் இல்லையா? 42-க்கு 11 என்றால் ஒரு சுற்றுக்கு 8.7 மீட்டர், கேடன்ஸ் 70-இல் மணிக்கு 36 கிலோமீட்டருக்கு மேல். உதவி 25-இல் நின்றுவிடும் வண்டிக்கு இறக்கத்தைத் தவிர வேறெங்கும் இது பயன்படாது. உண்மைதான். ஆனால் சும்மா கிடக்கும் சின்ன ஸ்ப்ராக்கெட் யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. தினமும் வேலை செய்யும் சின்ன ஸ்ப்ராக்கெட்தான் செலவு வைக்கும். சிறிய செயின்ரிங்குக்கு மாறச் சொல்லும் நியாயமான காரணம் ஒன்றே ஒன்று: மேடு.

மேட்டுக்குப் போகுமுன் ஒரு தவறான நம்பிக்கையை ஒதுக்கிவிடலாம். பெரிய செயின்ரிங் போட்டால் மோட்டார் உதவி நிற்கும் வேகம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடாது. வேகத்தை அளப்பது சக்கரத்தில் இருக்கும் காந்தமும் சென்சாரும். மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் அதை வைத்துத்தான் உதவியை நிறுத்துகிறது. செயின்ரிங்கில் எத்தனை பல் என்பது அந்தக் கணக்கிலேயே இல்லை. பெரிய ரிங் தருவது அந்த வேகத்தில் காலுக்கு நிதானம் மட்டுமே. உதவி 32 வரை வரும் வண்டிக்கு 42-க்கு 13 (கேடன்ஸ் 72), இன்னும் நல்லதாக 46-க்கு 15 (கேடன்ஸ் 76) பொருந்தும். 45 வரை போகும் வண்டியில் விகிதம் 4-ஐத் தொட வேண்டும். 44-க்கு 11 போட்டாலும் வரும், 52-க்கு 13 போட்டாலும் வரும். ஃபிரேமில் இடம் இருந்தால் இரண்டாவதைப் போடுங்கள். 45 கிலோமீட்டர் வேகத்தில் நாள் முழுக்க 11 பல்லில் ஓடும் வண்டிக்குச் செயின் வாங்கி மாளாது.

இனி மேடு. ஆளும் வண்டியும் பையும் சேர்ந்து 110 கிலோ. நூறு மீட்டருக்கு 12 மீட்டர் ஏறும் சாலை. புவியீர்ப்பும் டயர் உராய்வும் சேர்ந்து பின்னுக்கு இழுப்பது சுமார் 138 நியூட்டன். கால் 120 வாட், மோட்டார் 250 வாட் கொடுத்தால் மொத்தம் 370. வகுத்தால் நொடிக்கு 2.7 மீட்டர், மணிக்குப் பத்துக்குச் சற்றுக் குறைவு. கேடன்ஸ் 70-இல் இந்த வேகத்துக்கு ஒரு சுற்றுக்கு 2.3 மீட்டர் வேண்டும். அதாவது விகிதம் 1: முன்னால் எத்தனை பல்லோ பின்னால் அத்தனை. 42-42 அதைக் கச்சிதமாகத் தருகிறது. சாலை 20 சதவீதம் என்றால் அதே 370 வாட்டுக்கு வேகம் மணிக்கு 6 கிலோமீட்டராக விழும். கேடன்ஸ் 65-இல் விகிதம் 0.68 தேவை. 34-க்கு 50 போட்டால்தான் கிடைக்கும்.

"கேடன்ஸ் குறைந்தால் என்ன, மோட்டார்தான் இழுக்கிறதே?" என்று கேட்கலாம். இங்கேதான் மிட் டிரைவ் வேறுபடுகிறது. கிராங்க் சுழலும் வேகத்தோடு மோட்டார் பிணைக்கப்பட்டிருக்கிறது. திருப்புவிசை 85 நியூட்டன் மீட்டராகவே இருந்தாலும், கேடன்ஸ் 50-இல் அது 445 வாட். 65-இல் சுமார் 580 வாட். மோட்டார் அதே அளவு மின்சாரத்தை இழுத்து, அதே அளவு சூடாகி, 50-இல் கால் பங்கு குறைவாக வேலை செய்கிறது. இன்னும் கீழே 40-க்கு இறங்கினால் பேட்டரியிலிருந்து வருவதில் இன்னும் கூடுதல் பங்கு வெப்பமாகப் போகும். சூடு ஒரு எல்லையைத் தாண்டியதும் கன்ட்ரோலர் உதவியைத் தானாகக் குறைக்கும். மேட்டின் நடுவில் "மோட்டாருக்குச் சக்தி இல்லை" என்று வரும் புகார்களில் பல, உண்மையில் கியர் பெரிதாக இருப்பதால் வருபவை. இன்றைய மிட் டிரைவ்கள் பலவும் கேடன்ஸ் 100-க்கு மேலும் உதவுகின்றன, சில 120 வரை. மோட்டார் வேகமாகச் சுழல விரும்புகிறது. கால் பழக்கத்தால் மெதுவாக மிதிக்க விரும்புகிறது. ஏற்றத்தில் மோட்டார் சொல்வதைக் கேளுங்கள்.

கடைசிக் கியரைத் தீர்மானிக்க இன்னொரு சோதனையும் உண்டு: பேட்டரி தீர்ந்துபோனால்? அதே 110 கிலோ, வெறும் 5 சதவீத ஏற்றம், கால் மட்டும் 120 வாட். வேகம் மணிக்கு 7 கிலோமீட்டர். கேடன்ஸ் 60 என்றால் விகிதம் 0.84 வேண்டும். 42-42 உள்ளவர் இதில் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிக்க வேண்டியிருக்கும். 34-42 உள்ளவர் மூச்சுவாங்கினாலும் உட்கார்ந்தே வருவார். வீட்டிலிருந்து தூரம் போகிறவர்கள் இந்த எண்ணைப் பார்த்துத்தான் கடைசி ஸ்ப்ராக்கெட்டை முடிவு செய்ய வேண்டும்.

அதற்காகக் கீழே போய்க்கொண்டே இருக்கவும் கூடாது. கிராங்கில் 125 நியூட்டன் மீட்டர் என்றால் 34-50 கியரில் பின் ஹப்புக்குப் போவது 184. கேசட் மாட்டியிருக்கும் பகுதியான ஃப்ரீஹப்பின் உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு நாக்குகள்தான் அத்தனையையும் தாங்குகின்றன. சாதாரண சைக்கிளுக்கு என்று செய்த ஹப்பில் முதலில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், பிறகு பெடல் வெறுமனே சுற்றும். விகிதம் 0.7-க்குக் கீழே போகிறீர்கள் என்றால் மின் சைக்கிளுக்கென்று உறுதியாகச் செய்த ஹப் இருப்பது நல்லது.

செயின்ரிங்கை மாற்றுவதா, கேசட்டை மாற்றுவதா? இரண்டும் வேறு வேறு வேலை. செயின்ரிங் எல்லாக் கியரையும் ஒரே அளவில் நகர்த்தும்: 42-ஐ 38 ஆக்கினால் மேலிருந்து கீழ்வரை எல்லாம் சுமார் 10 சதவீதம் இலகுவாகும், சமதளத்தில் நீங்கள் ஓடும் ஸ்ப்ராக்கெட்டும் ஒன்று சின்னதாகும். கேசட் மாற்றினால் ஏணியின் ஒரு முனை மட்டும் நீளும்: 11-34-லிருந்து 11-42-க்குப் போனால் கடைசிக் கியர் 19 சதவீதம் இலகுவாகும், சமதளக் கியர் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் மேட்டுக்காக மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால் முதலில் கேசட்டைப் பெரிதாக்கப் பாருங்கள். செயினை ஒரு ஸ்ப்ராக்கெட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் டிரெய்லியர் இடம் கொடுக்காவிட்டால் மட்டும் செயின்ரிங்கைச் சிறிதாக்குங்கள்.

டிரெய்லியர் இடம் கொடுக்குமா என்பதற்கு இரண்டு எண்கள். ஒன்று, அது ஏற்கும் மிகப் பெரிய ஸ்ப்ராக்கெட். மற்றொன்று கொள்ளளவு: முன்னால் ஒரே ரிங் என்றால் கேசட்டின் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்த எண். 11-42-க்கு 31, 11-50-க்கு 39. நடுத்தர நீளக் கேஜ் (செயினை இழுத்துப் பிடிக்கும் கை) கொண்ட டிரெய்லியரில் 39-ஐத் திணித்தால், சின்ன ஸ்ப்ராக்கெட்டுக்கு வந்ததும் செயின் தளர்ந்து தொங்கும். டிரெய்லியரைச் சற்றுக் கீழே இறக்கி மாட்டும் ஹேங்கர் எக்ஸ்டெண்டர் போட்டால் பெரிய ஸ்ப்ராக்கெட்டுக்கு இடம் கிடைக்கும். கொள்ளளவு அதனால் கூடாது. இதை மறந்துதான் பலரும் எக்ஸ்டெண்டரைக் குறை சொல்கிறார்கள்.

எத்தனை வேகம், அதாவது பின்னால் எத்தனை ஸ்ப்ராக்கெட், என்ற கேள்விக்கு என் பதில் கொஞ்சம் பழமைவாதமாகவே இருக்கும்: மிட் டிரைவுக்கு 8, 9, 10 தாராளம். கால் மட்டும் மிதிக்கும்போது கியர்களுக்கிடையே இடைவெளி பெரிதாக இருந்தால் கேடன்ஸ் தடுமாறும். அந்தக் குழியை மோட்டார் நிரப்பிவிடுகிறது. ஸ்ராம் நிறுவனம் 2016-இல் மின் சைக்கிளுக்கென்றே கொண்டுவந்த ஈஎக்ஸ்1 இந்த எண்ணத்தில் பிறந்ததுதான்: 11, 13, 15, 18, 24, 32, 40, 48 என்று எட்டே ஸ்ப்ராக்கெட், ஒரு சொடுக்குக்கு ஒரே கியர். ஒரே சொடுக்கில் நான்கைந்து கியர் தாவி, மோட்டார் இழுத்துக்கொண்டிருக்கும்போதே செயின் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கு நடுவில் மாட்டுவது பற்கள் உடைய ஒரு காரணம். ஷிமானோவின் லிங்க்கிளைடு அதே பிரச்சினையை வேறு வழியில் அணுகுகிறது: தடிமனான பற்கள், கியர் விழும் பாதைகளை மறுபடி வெட்டியிருக்கிறார்கள். தங்கள் பழைய கேசட்டைவிட மூன்று மடங்கு வரை உழைக்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. ஆனால் ஸ்ப்ராக்கெட் இடைவெளி வேறு என்பதால் கைப்பிடியில் கியர் மாற்றும் பழைய ஷிஃப்டரோடும் டிரெய்லியரோடும் கலக்க முடியாது. வாங்கினால் மூன்றையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

வரிசையைப் படிக்காமல் எந்த கேசட்டையும் வாங்காதீர்கள். பெட்டியில் 11-34 என்று மட்டும் போட்டிருக்கும். எட்டு வேகத்தில் அது பெரும்பாலும் 11, 13, 15, 17, 20, 23, 26, 34. கடைசியில் 26-லிருந்து 34-க்கு ஒரே தாவல். ஒன்பது வேகத்தில் அதே 11-34, 26-க்குப் பிறகு 30, பிறகு 34 என்று படிப்படியாக ஏறும். அடிக்கடி மேடு ஏறுகிறவருக்கு இந்த ஒரு 30 மிகப் பெரிய நிம்மதி. முக்கியமாக, 2.44-ஐ ஒட்டிய இடத்தில் உங்கள் ரிங்குக்கு இரண்டு ஸ்ப்ராக்கெட் அருகருகே இருக்கிறதா என்று பாருங்கள்: எதிர்காற்றுக்கு ஒன்று, சும்மா போக ஒன்று.

உலோகம் பற்றிச் சுருக்கமாக. விலை கூடிய கேசட்டுகளில் எடை குறைக்கப் பெரிய ஸ்ப்ராக்கெட்டுகளை அலுமினியத்தில் செய்வார்கள். மோட்டார் மேட்டில் இழுப்பது அந்தப் பெரிய ஸ்ப்ராக்கெட்டில்தான். மின் சைக்கிளுக்கு 200 கிராம் கூடினாலும் பரவாயில்லை, முழுவதும் ஸ்டீல் எடுங்கள். ஒவ்வொரு ஸ்ப்ராக்கெட்டும் தனித்தனியாகக் கழன்று வரும் மலிவான கேசட்டை அலுமினிய ஃப்ரீஹப்பில் போட்டால், அவை அதன் வரிப்பள்ளங்களைக் கடித்துப் பதிந்துவிடும்; பிறகு சுத்தியல் இல்லாமல் கழறாது. ரிவெட் அடித்து ஒன்றாக இணைத்த அடுக்கு, அல்லது ஸ்டீல் ஃப்ரீஹப், இரண்டில் ஒன்றாவது இருக்கட்டும்.

ஹப் மோட்டாருக்கு வருவோம். செயினில் மோட்டார் இழுவை இல்லை. எனவே மேலே சொன்ன தேய்மானக் கவலைகள் பாதியாகிவிடும். இங்கே வரும் தொல்லை வேறு: கால் காற்றில் சுற்றுவது. 20 இன்ச் சக்கரம், சுற்றளவு 1.55 மீட்டர், முன்னால் 46, பின்னால் கேசட்டுக்குப் பதில் திருகி மாட்டும் பல்சக்கர அடுக்கான 14-28 ஃப்ரீவீல். மிகப் பெரிய கியர் ஒரு சுற்றுக்கு 5.1 மீட்டர்தான். கேடன்ஸ் 80-இல் 24 கிலோமீட்டர். மோட்டார் 32 வரை தள்ளும் வண்டியில் அந்த 32-க்கு நிமிடத்துக்கு 105 சுற்று மிதிக்க வேண்டும். யாரும் மிதிப்பதில்லை, கால் சும்மா சுற்றும், பெடல் சுற்றுவதைப் பார்க்கும் சென்சார் ஏமாந்து மோட்டாரை ஓட்டும், பேட்டரி சீக்கிரம் தீரும். முன்னால் 52 போட்டால் 80-இல் 27-க்கு மேல் போகும். ஃப்ரீவீலை 11-லிருந்து தொடங்கும் வகைக்கு மாற்றினால் 46-லேயே 31 கிலோமீட்டர் வந்துவிடும். இந்த இடத்தில் மட்டும் 11 பல்லுக்கு நான் எதிரியில்லை.

ஹப் மோட்டார் வண்டிக்கு மேட்டில் இலகுவான கியர் தேவையில்லை என்று சொல்வதும் தவறு. அந்த மோட்டாருக்கு மாற்றிக்கொள்ளும் கியரே கிடையாது; சக்கரம் மெதுவாகச் சுழன்றால் அது வெந்துபோகும். வேகம் விழாமல் பார்த்துக்கொள்ள உங்கள் கால் தன் பங்கைக் கொடுத்தே ஆக வேண்டும், அதற்கு இலகுவான கியர் வேண்டும். திருகு ஃப்ரீவீலில் 14, 16, 18, 20, 22, 24, 34 என்று ஒரு ஏழு வேக வகை உண்டு. கடைசித் தாவல் முரட்டுத்தனமானது. ஆனால் அந்த 34 இருப்பது மேட்டின் அடியிலேயே இறங்கித் தள்ளாமல் இருக்க.

சாதாரண சைக்கிளில் பொருத்தும் மிட் டிரைவ் கிட்கள், உதாரணத்துக்கு பஃபாங்கின் பிபிஎஸ்எச்டி, தனிக் கதை. அதன் பல்சக்கரப் பெட்டி வலப்பக்கம் அகலமாகப் புடைத்திருக்கும். பெரிய ரிங் அந்தப் புடைப்பைச் சுற்றி உள்பக்கம் குழிந்து வர முடியும். அதனால்தான் உள்ளே குழிந்த 42 பல் ரிங் அந்த மோட்டாருக்கு அவ்வளவு பிரபலம். அதைவிடச் சிறியது போட்டால் ரிங் பெட்டிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். செயின் ஓடும் நேர்கோடு, அதாவது செயின் கோடு, பல மில்லிமீட்டர் வெளியே தள்ளிப்போகும். பிறகு நீங்கள் எந்தப் பெரிய ஸ்ப்ராக்கெட்டுக்காகச் சின்ன ரிங் போட்டீர்களோ, அதே ஸ்ப்ராக்கெட்டில் செயின் மிக மோசமான கோணத்தில் இழுபடும். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதை. இந்த மோட்டாரில் 42-ஐ வைத்துக்கொண்டு பின்னால் பெரிதாக்குவதே நல்லது.

கோணம் சரியா என்று பார்க்க அளவுகோல்கூட வேண்டாம். பின்சக்கரத்தைத் தூக்கி, பெரிய ஸ்ப்ராக்கெட்டில் செயினைப் போட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். இரண்டு சுற்றுக்குள் செயின் தானாக அடுத்த சின்ன ஸ்ப்ராக்கெட்டில் விழுந்தால், செயின் கோடு வெளியே தள்ளி இருக்கிறது என்று அர்த்தம். மேலேயிருந்து பார்த்தால் ரிங்கின் பற்களில் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பது தெரியும்.

2014 மாடல்களிலிருந்து சில ஆண்டுகள் வந்த பாஷ் மோட்டார்களில் 14 முதல் 20 பல் வரையிலான குட்டி செயின்ரிங்கைக் காணலாம். பயப்பட வேண்டாம்: கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் அந்த ரிங் இரண்டரைச் சுற்று சுற்றும். 15 பல் என்றால் 37.5 பல்லுக்குச் சமம். எல்லாக் கணக்கிலும் ரிங் எண்ணை 2.5-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பல்லை மாற்றினாலும் இரண்டரைப் பல் மாற்றியதற்குச் சமம் என்பதால் ஒவ்வொன்றாக நகருங்கள். அந்த ரிங்கைப் பிடித்திருக்கும் லாக்ரிங் இடமறை. வழக்கம்போல் திருப்பினால் இன்னும் இறுகும். எந்த மோட்டாராக இருந்தாலும் சாவியை வைக்கும் முன் லாக்ரிங்கில் அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

மாட்டும் வேலையில் தவறு நடக்கும் இடங்கள் சில. ரிங்கைப் பிடிக்கும் போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம் முதலில்: 104 மில்லிமீட்டர், நான்கு கை என்றால் பொதுவாக 32 பல்லுக்குக் கீழே போக முடியாது, 130 என்றால் 38. ஒற்றை ரிங்குக்குத் தடித்த பல், மெல்லிய பல் மாறி மாறி வரும் வகையையே வாங்குங்கள். செயினின் வெளிக்கண்ணியும் உள்கண்ணியும் அதில் இறுக்கமாக உட்காரும், குலுங்கினாலும் கழறாது. அதனாலேயே அந்த வகை இரட்டைப்படை எண்களில் மட்டும் வரும். மாட்டும்போது தடித்த பல்லில் வெளிக்கண்ணி உட்காருகிறதா என்று பாருங்கள். தப்பாக வைத்தால் செயின் பற்களின் மேலேயே ஏறி நிற்கும். பெரிய ரிங் என்றால் ஃபிரேமில் பின்சக்கரத்துக்குப் போகும் செயின்ஸ்டே குழாய்க்கும் பல் நுனிக்கும் இடையே குறைந்தது 3 மில்லிமீட்டராவது இருக்கட்டும். சுமையில் இரண்டும் வளையும். கேசட் லாக்ரிங்குக்கு 40 நியூட்டன் மீட்டர். கையளவில் இறுக்கினால் மோட்டார் இழுவையில் ஸ்ப்ராக்கெட்டுகள் ஆடத் தொடங்கும்.

செயின் நீளத்தைப் பழைய செயினை வைத்து அளக்காதீர்கள். புதிய செயினை டிரெய்லியர் வழியாகப் போடாமல், நேராகப் பெரிய ஸ்ப்ராக்கெட்டையும் ரிங்கையும் சுற்றிவந்து, இரண்டு முனையும் சந்திக்கும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூட்டுங்கள். பின் சஸ்பென்ஷன் இருந்தால் காற்றை இறக்கி, சக்கரம் மிகத் தூரம் போகும் நிலையில் அளக்க வேண்டும். தோராயக் கணக்கு: நான்கு பல் கூடினால் இரண்டு கண்ணி. கேசட்டை 34-லிருந்து 42 ஆக்கிவிட்டு பழைய செயினையே விட்டால், ஒருநாள் தவறிப் பெரிய ஸ்ப்ராக்கெட்டுக்குப் போட்டதும் டிரெய்லியர் முன்னோக்கி விறைத்து, மோட்டார் விடாமல் இழுத்து, ஹேங்கரைப் பிய்த்துவிடும். கால் மட்டும் என்றால் தடுக்கிறது என்று தெரிந்து மிதிப்பதை நிறுத்திவிடுவோம். மோட்டாருக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

கியர் மாற்றும் நொடியில் பெடல் அழுத்தத்தை அரைச் சுற்று தளர்த்துங்கள். மிதிக்கும் விசையை அளக்கும் டார்க் சென்சார் உள்ள வண்டியில் மோட்டாரும் உடனே தளரும். பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் கேடன்ஸ் சென்சார் உள்ள கிட் என்றால் மோட்டார் தொடர்ந்து தள்ளும். ஷிஃப்டர் கேபிளில் மாட்டும் கியர் சென்சாரோ, பிரேக் லீவரை லேசாகத் தொட்டு மோட்டாரை வெட்டும் பழக்கமோ வேண்டும்.

தேய்மானத்துக்கு ஸ்டீல் ஸ்கேலே போதும். புதிய செயினில் 24 கண்ணிகளின் நீளம் 304.8 மில்லிமீட்டர். 306.3-ஐத் தொட்டால் 0.5 சதவீதம் நீண்டிருக்கிறது: 11, 12 வேகச் செயினை அப்போதே மாற்றிவிடுங்கள். 8, 9, 10 வேகத்துக்கு 307.1 வரை காத்திருக்கலாம். அதைத் தாண்டி ஓட்டினால் செயினோடு கேசட்டும் போகும். புதிய செயின் போட்டதும், நீங்கள் அதிகம் ஓடிய அந்த ஒரு ஸ்ப்ராக்கெட்டில் மட்டும் வழுக்கும். 15-இல் வழுக்கி 18-இல் வழுக்காவிட்டால் கோளாறு டிரெய்லியரில் இல்லை, அங்கே திருகாணியைத் திருகி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

புது அமைப்பில் 500 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி கேசட்டைத் துடைத்துப் பாருங்கள். பளபளப்பு 13-இல் இருந்தால் ரிங்கில் நான்கு பல் கூட்ட இடம் இருக்கிறது. 21-க்கும் 24-க்கும் நடுவில் இருந்து, கடைசி ஸ்ப்ராக்கெட்டும் பளபளக்கிறது என்றால் ரிங் பெரிது. இரண்டோ நான்கோ குறையுங்கள். 15, 18-இல் பளபளத்து, கடைசி ஸ்ப்ராக்கெட்டில் அங்கங்கே மட்டும் கருப்பு உரிந்திருந்தால், செயினை மட்டும் மாற்றிக்கொண்டு ஓட்டலாம்.